கிராஃபீன்: ஆலைத் திறனும் உண்மையான விற்பனையும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் 2004-இல் கிராஃபீன் (ஒரே அணுத் தடிமனுள்ள கரித் தாள்) தனியே பிரித்தெடுக்கப்பட்டதையும், அதற்காக 2010-இல் இயற்பியலாளர்கள் கெய்ம், நோவோசெலோவ் இருவரும் நோபல் பரிசு பெற்றதையும் தங்கள் வணிகப் பக்கக் கட்டுரை தெளிவாக விளக்கியிருந்தது. ஆனால், இதைத் தயாரிக்கும் நிறுவனங்களின் வருமானம் இனி வேகமாக உயரும் என்று அது முடித்திருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை. வெளிநாட்டுச் சந்தையில் பட்டியலிடப்பட்ட ஒரு கிராஃபீன் நிறுவனத்தின் பங்குகளைச் சிறிதளவு வைத்திருப்பவன் நான். கோவையில் பம்புசெட்டுகளுக்குப் பிளாஸ்டிக் உதிரிபாகம் செய்து கொடுப்பது தொழில்.

பிளாஸ்டிக்கானாலும் பெயின்டானாலும் கிராஃபீனைப் பெரும்பாலும் நூற்றுக்கு ஒரு பங்குக்கும் குறைவாகவே கலக்கிறார்கள். கலப்பு அரை சதவீதம் என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 1,000 டன் பிளாஸ்டிக் உருக்கும் ஆலைக்கு (எங்கள் பக்கத்தில் அது பெரிய ஆலைதான்) வெறும் 5 டன் போதும். ஆண்டுக்கு 100 டன் தயாரிக்கும் திறன் வந்துவிட்டது என்று ஒரு நிறுவனம் அறிவித்தால், அதை விற்றுத் தீர்க்க அத்தகைய 20 ஆலைகள் வருடம் தவறாமல் வாங்க வேண்டும். அறிவிப்பு வந்த அன்றே பங்கு விலை ஏறுகிறது. இந்த வகுத்தல் கணக்கைப் போட்டுப் பார்ப்பவர்கள் குறைவு.

அந்த 20 ஆலைகளும் எளிதில் வந்து சேர்வதில்லை. ஆழ்குழாய்க் கிணற்று மோட்டாருக்கான நோரில் இம்பெல்லரையே (நோரில் என்ற பிளாஸ்டிக்கில் செய்த, தண்ணீரைத் தள்ளும் சுழலியை) எடுத்துக்கொள்வோம். மூலப்பொருளில் புதிதாக ஒன்றைச் சேர்த்தால் உருப்படி ஆறும்போது சுருங்கும் அளவு மாறக்கூடும். மாறினால் டையை (வார்ப்பு அச்சை) திருத்த வேண்டும். பிறகு பம்பு கம்பெனி அதை டெஸ்ட் பெஞ்சில் ஓட்டிப் பார்த்து ஒப்புதல் தர மாதக்கணக்கில் ஆகும். இலவச சாம்பிளை யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை. ட்ரையல் ஆர்டரும் கிடைத்துவிடும். ஆனால் ரிப்பீட் ஆர்டர் வந்தால்தான் அதை வியாபாரம் என்று எங்கள் ஊரில் கணக்கில் எடுப்பார்கள். போதாததற்கு, சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 60 நிறுவனங்களின் சரக்கைச் சோதித்து 2018-இல் வெளியிட்ட ஆய்வில், பெரும்பாலானவற்றில் உண்மையான கிராஃபீன் பத்து சதவீதம்கூட இல்லை என்று தெரியவந்தது. வாங்குபவர் தயங்குவதில் வியப்பென்ன?

பெரிய வாடிக்கையாளர் ஒருவர் அமைந்துவிட்டால் போதும் என்ற வாதத்துக்கும் முன்னுதாரணம் இருக்கிறது. தன் வாகனங்களின் எஞ்சின் பகுதி உதிரிபாகங்களில் கிராஃபீனைச் சேர்க்கப்போவதாக ஃபோர்டு நிறுவனம் 2018-இல் அறிவித்தபோது, அதில் பங்காளியாக இருந்தது அமெரிக்காவின் கிராஃபீன் தயாரிப்பு நிறுவனமான எக்ஸ்ஜி சயின்ஸஸ். அந்த நிறுவனம் தாக்குப்பிடிக்கவில்லை. 2022-இல் அதன் சொத்துகளைக் கனடாவின் மற்றொரு கிராஃபீன் நிறுவனமான நானோஎக்ஸ்ப்ளோர் வாங்கிக்கொண்டது. 2024 நிதியாண்டில் நானோஎக்ஸ்ப்ளோரின் விற்பனை 10 கோடி கனடா டாலருக்கு மேல் இருந்தது என்பது உண்மைதான். ஆனால் அதில் பெரும்பகுதி வாகனங்களுக்கான பிளாஸ்டிக், காம்போசிட் பாகங்களை விற்று வருவது. அந்தத் தொகை முழுவதையும் கிராஃபீன் வருமானமாகக் காட்டி மற்ற நிறுவனங்களுக்கு மதிப்பு போடுவது தவறு. லண்டனில் 2018-இல் ஒரு பவுண்டுக்கு மேல் விற்ற வெர்சாரியன் என்ற கிராஃபீன் நிறுவனத்தின் பங்கு, பின்னர் ஒரு பென்னிக்கும் கீழே இறங்கியதையும் கட்டுரையாளர் குறிப்பிட்டிருக்கலாம்.

அரசு மானியமும், ஆஸ்திரேலியாவில் ஆராய்ச்சிச் செலவுக்காகத் திருப்பித் தரப்படும் வரித் தொகையும், புதிய பங்குகளை வெளியிட்டுத் திரட்டும் பணமும் வங்கிக் கணக்கில் வரவாகத்தான் நிற்கும். அவற்றில் எதுவும் விற்பனை அல்ல. கடைசியாகச் சொன்னதோ, ஏற்கெனவே பங்கு வைத்திருக்கும் எங்களுடைய பங்கைக் கரைத்து வருவது. வருமானம் இன்னும் நிலைபெறாத நிறுவனங்கள் ஆஸ்திரேலியச் சந்தையில் காலாண்டுதோறும் தாக்கல் செய்யும் ரொக்க வரவு செலவு அறிக்கையில், வாடிக்கையாளரிடமிருந்து வந்த தொகை தனி வரியாகவும், கையிருப்பு இன்னும் எத்தனை காலாண்டுக்குத் தாங்கும் என்பது கடைசிப் பகுதியிலும் இருக்கும். தலைவரின் உரையைவிட இவ்விரண்டையே நான் முதலில் பார்க்கிறேன்.

கிராஃபீனுக்கு மூலப்பொருளாகும் கிராஃபைட்டுக்குச் சிவகங்கையில் தமிழ்நாடு கனிம நிறுவனத்தின் சுரங்கம் இருப்பதால் நமக்கும் இதில் வாய்ப்பு என்று சிலர் பேசுகிறார்கள். பருத்தி விளையும் ஊரெல்லாம் திருப்பூர் ஆகிவிடவில்லை.

என்னிடம் உள்ள பங்குகளை நான் விற்கவில்லை. ஒரே வாடிக்கையாளர் இரண்டாம் முறையும், முதல் முறையைவிடக் கூடுதலாகவும் வாங்கினார் என்ற செய்தி வரும்வரை மேலும் வாங்கப்போவதும் இல்லை. இந்த நிறுவனங்களின் ஒப்பந்த அறிவிப்புகளை வெளியிடும்போது, முந்தைய நான்கு காலாண்டுகளில் வாடிக்கையாளரிடமிருந்து அவை பெற்ற தொகையையும் அருகிலேயே அச்சிடுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
கணபதி, கோவை.