உமது நேர்த்தியும் எனது நெஞ்சும்

வெள்ளவத்தை,
கொழும்பு.

அன்புமிக்க நண்பருக்கு,

உமது கடிதம் சென்ற வெள்ளிக்கிழமை கிடைத்தது. இதய பைபாஸ் சத்திரசிகிச்சை முடிந்து இன்றோடு ஐந்து வாரங்கள் ஆகின்றன. நெஞ்சைத் திறந்த இடத்தைக் காட்டிலும், ஒட்டுவதற்காக நாளம் எடுத்த இடது காலே அதிகம் நோகின்றது. மாலையில் தண்டவாளத்தைக் கடந்து கடற்கரை வரை மெல்ல நடந்துவிட்டு வருகிறேன்.

நான் பிழைத்தது நல்லூர் முருகனின் கருணையால்தான் என்றும், அதற்காக வரும் திருவிழாவில் அங்கப்பிரதட்சணம் செய்வதாக நேர்த்தி வைத்திருப்பதாகவும் எழுதியிருந்தீர். வாசித்தபோது கண் கலங்கிவிட்டது. ஆயினும் நாம் இருவரும் ஒருபோதும் ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டு வேறொன்றை எழுதியதில்லையாதலால், எனக்குத் தோன்றுவதைச் சொல்லிவிடுகிறேன். அடைபட்டிருந்த மூன்று குழாய்களைச் சுற்றி இரத்தத்துக்குப் புதுவழி அமைத்தது ஒரு நிபுணரின் கை. அவர் அதைச் செய்து முடிக்கும்வரை என் இதயத்தின் வேலையைப் பார்த்தது ஓர் இயந்திரம். அந்த நிபுணருக்காகவோ, இரவெல்லாம் கண்விழித்த தாதியருக்காகவோ எவரும் காவடி எடுத்ததாக நான் கேள்விப்படவில்லை. போதாக்குறைக்கு என் மனைவி செவ்வாய்க்கிழமைதோறும் கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலுக்குப் போய், கத்தோலிக்கரோடு நெருக்கியடித்து நிற்கும் சைவரிலும் பௌத்தரிலும் தானும் ஒருத்தியாக, மெழுகுதிரி கொளுத்தி வந்திருக்கிறாள். நன்றிக்கடனை நல்லூருக்கும் கொச்சிக்கடைக்கும் எந்த விகிதத்தில் பங்கிடுவது என்று நீரே சொல்லும்.

படுக்கையில் கிடந்த நாட்களில் மகன் ஓர் ஆய்வைப் பற்றி வாசித்துக் காட்டினான். அமெரிக்காவில் ஹேர்பேர்ட் பென்சன் என்ற வைத்தியரும் அவரது குழுவினரும் 2006 இல் வெளியிட்டது. என்னைப் போலவே பைபாஸ் செய்துகொண்ட 1802 பேரை, ஆறு வைத்தியசாலைகளில், மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினருக்காகப் பிரார்த்தனை நடந்தது, இன்னொரு பிரிவினருக்காக நடக்கவில்லை. தமக்காக நடக்கின்றதா இல்லையா என்பது இவ்விரு பிரிவினருக்கும் தெரியாது. மூன்றாம் பிரிவினருக்கு மட்டும் 'உங்களுக்காகப் பிரார்த்திக்கிறோம்' என்று உறுதியாகச் சொல்லிவிட்டே பிரார்த்தித்தார்கள். சத்திரசிகிச்சைக்குப் பின் சிக்கல் ஏற்பட்டவர்கள் முதற்பிரிவில் நூற்றுக்கு 52 பேர், இரண்டாவதில் 51 பேர், மூன்றாவதில் 59 பேர். முன்பின் அறியாதவர்கள் பெயர்ப்பட்டியலைப் பார்த்துச் செய்த பிரார்த்தனையை நல்லூர் வீதியில் உருளப்போகும் ஒரு நண்பனின் பிரார்த்தனையோடு ஒப்பிடலாமா என்று நீர் கேட்பீர். அது நியாயமான கேள்வியே. என்னை யோசிக்க வைத்தது அந்த 59. அது தற்செயலாகவும் இருக்கலாம். அல்லது, நமக்காக ஆட்களை வைத்துப் பிரார்த்திக்கும் அளவுக்கா நமது நிலைமை போய்விட்டது என்ற பயமாகவும் இருக்கலாம். நல்லவேளை, உமது கடிதம் சத்திரசிகிச்சைக்குப் பிறகே வந்து சேர்ந்தது!

இது வேடிக்கைப் பேச்சாக முடியக்கூடிய காரியம் அன்று. எமது தொடர்மாடியில் வசிக்கும் ஓர் அம்மா, சுகமளிக்கும் கூட்டம் ஒன்றில் தலையில் கைவைத்து ஜெபித்த பின், தனது சீனி வருத்தம் மாறிவிட்டதென்று நம்பி இன்சுலின் ஊசியை நிறுத்திவிட்டார். காலில் வந்த சிறு புண்ணையும் பிள்ளைகளிடம் சொல்லவில்லை. சொன்னால் விசுவாசக் குறைவு ஆகிவிடுமாம். இரண்டு விரல்களை இழந்தே வீடு திரும்பினார். நம்மவர்களிலும் நூல் கட்டி, நாற்பத்தெட்டு நாளைக்கு மருந்தைத் தொடாதே என்று சொல்கின்ற சாமிமார் இருக்கிறார்கள். ஆகவே ஒரு சமயத்தார்மீது மாத்திரம் விரல் நீட்ட எனக்கு மனம் வரவில்லை.

மானிப்பாயில் இருந்துகொண்டு இதையெல்லாம் நீர் என்னிடம் கேட்க வேண்டியதே இல்லை. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் கிறீன் வைத்தியரை அனுப்பியது ஒரு மிஷன். ஜெபத்தில் அவருக்கு நம்பிக்கை இல்லாமலா கடல் கடந்து வந்தார்? ஆயினும் அவர் உமது மானிப்பாயிலேயே நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு மேலைத்தேய வைத்தியத்தைத் தமிழிலேயே படிப்பித்து, வைத்திய நூல்களைத் தமிழில் பெயர்த்துத் தந்தார். ஜெபம் ஒன்றே போதும் என்று அவர் எண்ணியிருந்தால், அத்தனை கலைச்சொற்களைத் தேடி அலைந்திருக்கத் தேவையில்லை.

அப்படியானால் பிரார்த்தனைக்கு இடமே இல்லையா என்றால், அதற்கு விடை என் மனைவியிடம் கிடைத்தது. சத்திரசிகிச்சைக் கூடத்துக்கு வெளியே அவள் ஏறத்தாழ ஏழு மணித்தியாலம் உட்கார்ந்து, தலைமுதல் பாதம்வரை ஒவ்வோர் உறுப்பாகச் சொல்லிக் காக்கச் சொல்லும் கவசத்தைத் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறாள். அதனால் எனக்குக் குணமாயிற்று என்று நினைக்கிறாயா என்று பின்னர் கேட்டேன். "உங்களுக்காகப் படித்தது என்று யார் சொன்னது? என் கை நடுக்கம் நிற்க வேண்டுமே, அதற்காகப் படித்தேன்" என்றாள். நடுக்கம் நின்ற அந்தக் கைதான் இந்த ஐந்து வாரமாக எனக்கு மாத்திரை எண்ணித் தருகிறது, காற்புண்ணைத் துடைக்கிறது. வள்ளுவர் மருந்தை நான்கு கூறாக்கியபோது, நோயாளி, வைத்தியன், மருந்து ஆகியவற்றோடு பக்கத்தில் நிற்பவனையும் ஒரு கூறாக வைத்தார். பிரார்த்தனை வேலை செய்கின்ற இடம் அந்த நான்காவது கூறு என்பதே என் எண்ணம். அது மற்ற மூன்றின் வேலையைப் பறிக்கும்போதுதான் எனக்குக் கோபம் வருகிறது.

நேர்த்தியைக் கைவிடும்படி நான் சொல்லவில்லை. சொன்னாலும் நீர் கேட்கமாட்டீர். ஆனால் உமக்குப் பிறஷர் இருக்கிறது, வயதும் எழுபதை நெருங்குகிறது. திருவிழாவுக்கு முன் ஒருமுறை வைத்தியரிடம் காட்டி, உருளலாமா என்று கேட்டுக்கொள்ளும். அதற்குள் எனக்குப் பயணம் செய்ய அனுமதி கிடைத்துவிடும் என்றே கிளினிக்கில் சொல்கிறார்கள். கிடைத்தால் ரயிலேறி வந்து, நீர் உருளும் அன்று காலையில், துவாயும் தண்ணீர்ப் போத்தலுமாக உமக்குப் பின்னால் நடந்து வருவேன்.

அன்புடன்,
உமது பழைய வகுப்புத் தோழன்