குவாண்டம் படிக்க ஏழு புளியங்கொட்டை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நம் மாவட்டக் கல்லூரி ஒன்றில் நடந்த குவாண்டம் கணினிக் கருத்தரங்குக்குச் சென்ற என் பேத்தி, ஒரு சான்றிதழோடு திரும்பி வந்தாள். கணினித் தகவலில் நேரும் பிழையைக் கண்டு சரிசெய்யும் பிழைதிருத்தம் பற்றி என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். “அதெல்லாம் பெரிய பிசிக்ஸ், பாட்டா” என்றாள். அதில் பெரும்பகுதி கணக்குதான் என்பதைச் சொல்லவே இக்கடிதம்.

1950-இல் அமெரிக்கக் கணிதவியலாளர் ரிச்சர்ட் ஹேமிங் வெளியிட்ட பிழைதிருத்த முறையை அன்று மாலையே திண்ணையில் காட்டினேன். ஒன்றையொன்று வெட்டும் மூன்று வட்டங்களைச் சுண்ணக்கட்டியால் வரைந்தால் ஏழு அறைகள் கிடைக்கும். அறைக்கு ஒன்றாக, ஒருபுறம் உரசி வெள்ளையாக்கிய புளியங்கொட்டை. வட்டங்கள் வெட்டிக்கொள்ளும் நான்கு அறைகளை அவள் விருப்பப்படி நிரப்பினாள். ஒவ்வொரு வட்டத்திலும் வெள்ளை இரட்டைப்படையாக வரும்படி மற்ற மூன்றை நான் வைத்தேன். நான் திரும்பி நின்றபோது ஒன்றைப் புரட்டிவிட்டாள். எந்தெந்த வட்டத்தில் வெள்ளை ஒற்றைப்படை என்று மட்டும் கேட்டு, அந்த வட்டங்களுக்கு மட்டும் பொதுவான அறை எது என்று பார்த்து, புரண்ட கொட்டையை அதைப் பார்க்காமலே சொன்னேன்.

அந்தப் ‘பார்க்காமலே’ என்பதுதான் குவாண்டத்துக்கு உயிர். கியூபிட்டை (0, 1 இரண்டும் கலந்த நிலையிலும் இருக்கக்கூடிய, குவாண்டம் கணினியின் தகவல் அலகு) நேராக அளந்தால் அதன் நிலை கலைந்துவிடும். முன்பே தெரியாத ஒரு நிலையை நகலெடுத்து வைக்கவும் வழியில்லை. ஆனால் பல கியூபிட்டுகளைச் சேர்த்து ‘ஒற்றையா, இரட்டையா’ என்று மட்டும் கேட்டால் உள்ளிருக்கும் தகவல் கலையாது. ஆண்ட்ரூ ஸ்டீன் 1996-இல் இதே ஹேமிங் அமைப்பைக் கொண்டுதான் ஏழு கியூபிட்டுகளில் ஒரு கியூபிட்டின் தகவலைக் காக்கும் வழியைக் கண்டார். 0, 1 புரள்வதைப் பிடிக்க மூன்று கேள்விகள், அலைக்கட்டம் (0, 1 இரண்டும் கலக்கும்போது இடையில் வரும் கூட்டல், கழித்தல் குறி) புரள்வதைப் பிடிக்க மூன்று கேள்விகள், அவ்வளவே.

புள்ளிகளையும் அவற்றை இணைக்கும் கோடுகளையும் ஆராயும் கிராஃப் தியரியும் இப்படியே உள்ளே வருகிறது. 1997-இல் அலெக்சி கிட்டேவ் முன்வைத்த ‘டாரிக் கோட்’ என்ற பிழைதிருத்த அமைப்பில் கியூபிட்டுகள் சதுரக் கட்டங்களின் கோடுகளில் அமர்ந்திருக்கும். பிழைகள் தொடராக நேர்ந்தால் நடுப்பகுதி வெளியே தெரியாது, இரு முனைகள் மட்டுமே தெரியும். அம்முனைகளை மொத்தத் தூரம் மிகக் குறைவாக வரும்படி இணைசேர்க்க உதவுவது, குவாண்டம் கணினி என்ற பேச்சே இல்லாத 1965-இல் ஜாக் எட்மண்ட்ஸ் தந்த கணக்கு முறை.

2023-இல் ஒன்றிய அரசு 6,003.65 கோடி ரூபாயில் தேசியக் குவாண்டம் இயக்கத்துக்கு ஒப்புதல் அளித்தது. அதில் நம் பிள்ளைகள் இடம்பெற வேண்டுமானால், நம் கல்லூரிகளின் கணிதத் துறைகள் ஒருநாள் கருத்தரங்கை விட்டு, வாரம் ஒரு மாலை அணிகளையும் (மேட்ரிக்ஸ்) கிராஃப் தியரியையும் கையால் போட்டுப் பார்க்கும் வகுப்பை நடத்தலாம். தங்கள் மாணவர் பக்கத்திலும் குறுக்கெழுத்துக்குப் பக்கத்தில் வாரம் ஒரு மூன்று வட்டப் புதிர் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். முதல் புதிரை நானே அனுப்பத் தயார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.