முதலில் கூலியைக் கொடுப்போம், பிறகு எழுப்புதலுக்கு ஜெபிப்போம்

மலேசியாவின் கீழ்ப்பேராக் வட்டாரத் தமிழ்ச் சபைகளின் போதகர்களுக்கும், மூப்பர்களுக்கும், சபைக் குழுவினருக்கும், நம்மோடு சேர்ந்து ஆராதிக்கும் குத்தகையாளர்களுக்கும் கடைக்காரர்களுக்கும்,

இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் ஸ்தோத்திரம்.

அக்கம்பக்கத்துச் சபைகள் எல்லாம் சேர்ந்து நம் பட்டணத்தில் விசுவாசத்தைப் புதுப்பிக்கும் மூன்று நாள் எழுப்புதல் கூட்டம் நடத்தப்போவதாக அறிவித்திருக்கிறீர்கள். உபவாச ஜெபத்துக்குப் பெயர் எடுக்கிறார்கள். நானும் பெயர் கொடுத்திருக்கிறேன். கூடாரச் செலவுக்கு என்னால் முடிந்த காணிக்கையும் கொடுப்பேன். ஆகவே கூட்டம் வேண்டாம் என்று சொல்ல வருகிறேன் என நினைக்காதீர்கள். அதற்கு முன்னால் நாம் முடிக்க வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. நம்மிடம் வேலை செய்கிறவர்களுக்கு நாம் கொடுக்க வேண்டியது பாக்கி இருக்கிறது. அதைக் கொடுத்துவிட்டுக் கூட்டத்துக்குப் போவோம்.

நான் ரப்பர் காலத்திலும், எண்ணெய் எடுக்கும் செம்பனைக் காலத்திலும் தோட்ட ஆபீசில் கிராணியாக, அதாவது எழுத்தராக இருந்தவன். வருகையும் சம்பளமும் பதியும் செக்ரோல் எழுதி, பேர் போட்டு, சம்பள நாளில் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து காசு எண்ணிக் கொடுத்தவன். ஒரு மனிதன் கை நீட்டிச் சம்பளம் வாங்கும்போது அவன் முகத்தில் என்னென்ன ஓடும் என்று எனக்குத் தெரியும். மளிகைக் கடை பாக்கி, பிள்ளையின் பள்ளிக்கூடச் சப்பாத்து, ஊருக்கு அனுப்ப வேண்டிய பணம், எல்லாம் அந்த ஒரு நிமிஷத்தில் ஓடும். பத்து வெள்ளி (ரிங்கிட்) குறைந்தாலும் அன்று ராத்திரி லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், சண்டை.

அந்த நாளில் நம் சபைப் பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தவர்கள் பெரும்பாலும் ரப்பர் பால்வெட்டுக்காரர்கள். விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்குப் போய், வெயில் ஏறுமுன் மரம் வெட்டி, பால் நிறுத்துப் போட்டுவிட்டு வந்தவர்கள். இன்று அப்படி இல்லை. தோட்டங்கள் துண்டுபட்டன, கைமாறின, ஜனங்கள் பட்டணத்துக்கு வந்தார்கள். அவர்கள் பிள்ளைகளில் பலர் லாரி வைத்திருக்கிறார்கள், செம்பனைக் குலை வெட்டும் குத்தகை எடுக்கிறார்கள், சாப்பாட்டுக் கடை, முடிவெட்டும் கடை, பட்டறை நடத்துகிறார்கள். இதற்காகக் கர்த்தரைத் துதிக்கிறேன். சம்பளம் வாங்கும் வரிசையில் நின்றவர்களின் பிள்ளைகள் இன்று சம்பளம் கொடுக்கும் பக்கம் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆனால் வேதத்தில் கூலியைப் பற்றி எழுதியிருப்பதை நாம் இன்னும் வாங்குகிறவர்களாகவே வாசிக்கிறோம். கொடுக்கிறவர்களுக்கு அது என்ன சொல்கிறது என்று கேட்க மறந்துவிட்டோம்.

யாக்கோபு ஐந்தாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். "இதோ, உங்கள் வயல்களை அறுத்த வேலைக்காரருடைய கூலி உங்களால் அநியாயமாய்ப் பிடிக்கப்பட்டுக் கூக்குரலிடுகிறது, அறுத்தவர்களுடைய கூக்குரல் சேனைகளுடைய கர்த்தரின் செவிகளில் பட்டது." செம்பனைக் குலை வெட்டுகிறவனை விட இந்த வசனத்துக்குப் பொருத்தமான ஆளை நான் எங்கே தேடுவேன்? நாம் மூன்று நாள் உபவாசம் இருந்து கூப்பிடப்போகிற அதே செவிகளில் அவன் குரல் முன்னமே விழுந்துவிட்டது. இதை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

மளிகைக் கடையில் ஒரு பங்களாதேஷ்காரப் பையனைப் பார்த்தேன். வெட்டுக்கத்தி பிடித்துப் பிடித்து உள்ளங்கை காய்த்துப் போயிருந்தது. அரிசி, பருப்பு, வெங்காயம் எடுத்து வைத்துவிட்டு, கடன் புத்தகத்தில் எழுதச் சொன்னான். கடைக்காரர் தயங்கினார். ஏற்கெனவே இரண்டு பக்கம் நிரம்பியிருந்தது. விசாரித்தால், இரண்டு மாதமாகச் சம்பளம் வரவில்லை. கேட்டால் "எண்ணெய் ஆலையில் காசு போடவில்லை" என்று ஐம்பது வெள்ளி கையில் கொடுத்து அனுப்புகிறாராம் முதலாளி. அந்த முதலாளி நம்மில் ஒருவர். ஆராதனையில் முன்வரிசையில் உட்காருகிறவர். யார், எந்தச் சபை என்று இங்கே எழுதமாட்டேன். தப்பிதம் செய்த சகோதரனிடம் தனித்துப் போய்ப் பேசு என்று ஆண்டவர் சொன்னபடி அவரிடம் தனியாகப் போய்ப் பேசினேன். அவர் கோபப்படவில்லை. "எல்லாரும் இப்படித்தானே அண்ணே செய்கிறார்கள்" என்றார். அந்தப் பதில்தான் என்னை இந்த மடலை எழுத வைத்தது. ஒருவர் தவறினால் தனியே பேசித் தீர்க்கலாம். எல்லாரும் அப்படித்தான் என்றால் அது சபையின் காரியம்.

ஆலைக்காசு தாமதமாவது உண்மைதான். அந்தக் கஷ்டம் எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் குத்தகையில் லாபம் வந்தால் அது குத்தகையாளருக்கு, தாமதம் வந்தால் மட்டும் வெட்டுகிறவனுக்கு என்றால் அது எந்த நியாயம்? லேவியராகமம் 19:13 சாக்குப்போக்குக்கு இடம் வைக்கவில்லை: "கூலிக்காரனுடைய வேலைக்கூலி விடியற்காலமட்டும் உன்னிடத்தில் இருக்கலாகாது." நாட்டுச் சட்டம் இதைவிடத் தாராளமாகவே தவணை தருகிறது. 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி சம்பளக் காலம் முடிந்து ஏழாம் நாளுக்குள் கொடுக்க வேண்டும். கர்த்தர் ஒரு ராத்திரி கொடுத்தார், அரசாங்கம் ஏழு நாள் கொடுத்தது, நாம் இரண்டு மாதம் எடுத்துக்கொள்கிறோம்.

குறைந்தபட்சச் சம்பளமும் அப்படித்தான். 2013இல் தீபகற்பத்தில் 900 வெள்ளியாக ஆரம்பித்தது, 2025இல் 1,700 வெள்ளிக்கு வந்திருக்கிறது. ஓய்வுக்காலச் சேமிப்பான சேமநிதிக்கு உள்நாட்டுத் தொழிலாளியின் சம்பளம் 5,000 வெள்ளிக்குள் இருந்தால் முதலாளி பங்கு 13 விழுக்காடு. 2025 அக்டோபர் சம்பளத்திலிருந்து வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் முதலாளி 2 விழுக்காடு, தொழிலாளி 2 விழுக்காடு கட்ட வேண்டும். சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவில் வேலையிட விபத்துப் பாதுகாப்பு 2019 முதலே அவர்களுக்கும் உண்டு. ஓலை விழுந்து தோள்பட்டை உடைந்தவனுக்காகச் சபையில் ஜெபிக்கிறோம், நல்லது. அவன் பெயரில் சொக்சோ கட்டியிருந்தால் ஆஸ்பத்திரியில் அவன் யார் கையையும் எதிர்பார்க்க வேண்டியதில்லையே.

அடுத்து பாஸ்போர்ட். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். தொழிலாளியின் பாஸ்போர்ட்டை வாங்கி அலமாரியில் பூட்டி வைப்பது நம் பக்கத்தில் பழக்கமாகிவிட்டது. "ஓடிவிடுவான்" என்பார்கள். 1966ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டப்படி அதிகாரமில்லாமல் இன்னொருவர் பாஸ்போர்ட்டை வைத்திருப்பதே குற்றம். சட்டத்தை ஒரு பக்கம் வையுங்கள். யாத்திராகமம் 22ஆம் அதிகாரத்தில், பிறனுடைய வஸ்திரத்தை ஈடாக வாங்கினால் பொழுதுபோகுமுன்னே திருப்பிக் கொடுத்துவிடு, அதுதானே அவன் போர்த்துக்கொண்டு படுக்கிற துணி என்று கர்த்தர் கேட்கிறார். பிற தேசத்தில் ஏழைத் தொழிலாளிக்கு இருக்கிற ஒரே போர்வை அந்தப் புத்தகம். அது கையில் இல்லாமல் ரோட்டில் போனால் போலீஸைப் பார்த்து ஒதுங்கி நடக்க வேண்டியிருக்கிறது.

நமக்கு இது புரியாமல் போகலாமா? நம் பாட்டன் பூட்டன்கள் எப்படி வந்தார்கள்? ஒப்பந்தக் கூலி முறை 1910இல் நிறுத்தப்படும் வரை அந்த ஒப்பந்தத்திலும், பிறகு 1938இல் இந்திய அரசாங்கம் ஆள் அனுப்புவதை நிறுத்தும் வரை ஆள் சேர்க்கும் கங்காணியின் கீழும் வந்தார்கள். கப்பல் செலவு, முன்பணம் என்று கடன் தலையில் ஏறிய பிறகே பலர் கரை இறங்கினார்கள். இன்று டாக்காவிலிருந்து வருகிறவனும் ஏஜண்டுக்குக் கட்டிய கடனோடுதான் இறங்குகிறான். "நீங்கள் எகிப்து தேசத்தில் அந்நியராயிருந்தீர்களே" என்று இஸ்ரவேலுக்குத் திரும்பத் திரும்பச் சொன்னவர், நம்மிடம் எகிப்து என்று கூடச் சொல்ல வேண்டியதில்லை. தோட்டத்தின் பெயரைச் சொன்னால் போதும்.

சிலர் கேட்பார்கள்: அந்தப் பையன்கள் பலர் இஸ்லாமியர்கள், அவர்களிடம் சுவிசேஷம் சொல்ல முடியாதே, அவர்களுக்காகச் சபை என்ன செய்ய முடியும்? உண்மை, முஸ்லிம்களிடையே பிற மதங்களைப் பரப்புவதைக் கட்டுப்படுத்தக் கூட்டரசு அரசியலமைப்பின் 11(4) பிரிவு மாநிலங்களுக்கு அதிகாரம் தருகிறது. அந்தச் சட்டத்தை மதிப்போம், அவர்கள் விசுவாசத்தையும் மதிப்போம். ஆனால் ஏழாம் தேதிக்குள் சம்பளம் கொடுப்பதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. அவன் மதம் மாற வேண்டும் என்பதற்காக அல்ல, நாம் கிறிஸ்துவுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்பதற்காக அதைக் கொடுக்கிறோம். நல்ல சமாரியன் காயப்பட்டவனிடம் எதையும் பிரசங்கிக்கவில்லை. சத்திரக்காரனுக்கு இரண்டு பணம் கொடுத்து, அதிகமாய்ச் செலவானால் வரும்போது தருகிறேன் என்றான்.

அப்புறம், சபைக் குழுவினரே, உங்களிடம் ஒரு காரியம். ஒரு சபையில் ஆலயத்தைக் கூட்டித் துடைக்கும் அக்கா ஒருவர் இருக்கிறார். சனிக்கிழமை சாயங்காலம் நாற்காலி ஒவ்வொன்றாகத் துடைப்பார். திருவிருந்து முடிந்ததும் அந்தச் சின்னக் கண்ணாடிக் கிண்ணங்களை வெந்நீரில் போட்டு, விரல் நுழையாத இடத்தில் துணியை முறுக்கி விட்டுத் திருப்பித் திருப்பிக் கழுவுவார். ஒன்றில் கூடக் கறை இருக்காது. அவருக்குச் சம்பளம் என்று ஒன்று இல்லை, "அன்பளிப்பு". பொருளாளர் ஊரில் இருந்தால் மாதக் கடைசியில் கவர் வரும், இல்லாவிட்டால் அடுத்த மாதம். சேமநிதி கிடையாது, சொக்சோ கிடையாது. கேட்டால் கர்த்தருடைய வேலைதானே என்கிறார்கள். கர்த்தருடைய வேலை என்றால் மற்ற எந்த வேலையையும் விடச் சரியாகக் கொடுக்க வேண்டாமா? சபையே இப்படிச் செய்தால், குத்தகையாளரைப் பார்த்து எந்தப் போதகர் பேசுவார்?

நம்மில் சரியாகச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். ஒரு சகோதரரை எனக்குத் தெரியும். சம்பள நாள் அன்று லாரியின் பின்பலகையைத் தாழ்த்தி அதையே மேசையாக்கிக்கொள்வார். ஒவ்வொருவனுக்கும் எத்தனை டன், உதிரிப்பழம் எத்தனை மூட்டை என்று வாய்விட்டுப் படிப்பார். கணக்கு ஒத்துப்போகவில்லை என்றால் வெட்டுகிறவன் தன் சின்ன நோட்டை எடுத்துக் காட்டலாம். இருவரும் குனிந்து பார்த்து, திருத்தி, பிறகே கையெழுத்து. பாஸ்போர்ட் எல்லாம் அவரவர் பெட்டியில். ஆலை காசு தாமதமான ஒரு மாதம் மனைவியின் சங்கிலியை அடகு வைத்துச் சம்பளம் போட்டார். ஆட்கள் ஓடவில்லை. ஒப்பந்தம் முடிந்து ஊருக்குப் போனவன் தன் தம்பியை அவரிடமே அனுப்பியிருக்கிறான். இந்தச் சகோதரர் ஒரு நாளும் மேடை ஏறிச் சாட்சி சொன்னதில்லை. எழுப்புதல் எப்படி இருக்கும் என்று என்னைக் கேட்டால் நான் அந்த லாரியைத்தான் காட்டுவேன்.

"என்னை ஆண்டவரே! ஆண்டவரே! என்று நீங்கள் சொல்லியும், நான் சொல்லுகிறபடி நீங்கள் செய்யாமற்போகிறதென்ன?" என்று இயேசு கேட்டார். கீழ்ப்படிதல் என்றதும் நமக்குத் தசமபாகமும் உபவாசமும் ஞாயிறு ஆராதனையும் ஞாபகத்துக்கு வருகின்றன. அவை வேண்டும். ஆனால் திங்கள் முதல் சனி வரை நாம் நிற்கிற இடம் குலை நிறுக்கும் தராசு, கடைக் கல்லா, சமையல்கட்டு. அன்பும் கீழ்ப்படிதலும் அங்கே இல்லையென்றால் வேறு எங்கே இருக்கும்? வீட்டு வேலைக்கு ஆள் வைத்திருக்கும் சகோதரிகளுக்கும் இதுதான். அந்தப் பெண் எத்தனை மணிக்குப் படுக்கிறாள், என்ன சாப்பிடுகிறாள், வாரத்தில் ஒரு நாள் ஓய்வு உண்டா என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.

ஆகவே போதகர் ஐயாமார்களே, கூட்டத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தை வாசித்து, சகோதரனுக்கு நம்மேல் குறை இருந்தால் காணிக்கையைப் பலிபீடத்தண்டையில் வைத்துவிட்டுப் போய் முதலில் ஒப்புரவாகு என்பதை அப்படியே பிரசங்கியுங்கள். யார் பெயரையும் சொல்ல வேண்டாம். மூப்பரையும் பொருளாளரையும் தெரிந்தெடுக்கும்போது ஜெபிக்கிறவரா, பாடுகிறவரா என்று பார்ப்பதோடு, கூலியைச் சரியாகக் கொடுக்கிறவரா என்றும் விசாரியுங்கள். கூடாரத்துக்கு ஒதுக்கிய பணத்தில் கொஞ்சம் குறைத்தாவது அந்த அக்காவுக்கு முதலில் சம்பளத்தை முறைப்படுத்துங்கள்.

கணக்கு வழக்கு தெரியாமல் தயங்குகிறவர்கள் இருந்தால் என்னிடம் வரட்டும். சேமநிதி, சொக்சோ பதிவு, சம்பளச் சீட்டு, பழைய பாக்கிக் கணக்கு எதுவானாலும் செவ்வாய்க்கிழமையும் வியாழக்கிழமையும் மாலை ஐந்து மணிக்கு மேல் சபை மண்டபத்தில் உட்கார்ந்து போட்டுக் கொடுக்கிறேன். கட்டணம் இல்லை. யாருடைய கணக்கையும் வெளியில் சொல்லமாட்டேன். ஆட்களின் பெயர்ப் பட்டியலையும் குலை நிறுத்த கடைசி மூன்று மாதத் தூக்குச் சீட்டுகளையும் மறக்காமல் கொண்டு வாருங்கள்.

கிறிஸ்துவுக்குள் உங்கள் சகோதரன்,
ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி