5.40 பேருந்து

மந்தைவெளி,
ஞாயிறு மாலை

அன்புள்ள வசந்தா,

உன் இரண்டு கடிதங்களுக்கும் பதில் எழுதாமல் இருந்துவிட்டேன். அதற்கான கோபத்தை நீ நேரில் வந்து காட்டு, வாங்கிக்கொள்கிறேன். இங்கே அனைவரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் குறையவில்லை. இன்று எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் லட்சுமி அக்கா. எங்கள் தெருவில் நான்கு வீடுகளில் வேலை செய்துவந்த அவருக்கு, சென்ற வெள்ளிக்கிழமையோடு எங்கள் வீடு ஒன்றுதான் மிச்சம். மற்ற மூன்று வீட்டாரும் இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். காலை ஆறரைக்கு வர வேண்டியவர் எட்டு மணிக்கு வந்தால், அலுவலகம் போகிறவர்கள் எத்தனை நாள் பொறுப்பது என்று கேட்கிறார்கள். அக்கா வீட்டிலிருந்து கிளம்பும் நேரம் இன்றும் மாறவில்லை. அவர் ஏறிக்கொண்டிருந்த 5.40 பேருந்துதான், சென்னை மெட்ரோ ரயிலுக்காகச் சாலையைத் தோண்டத் தொடங்கியபின் வருவதில்லை.

அவர் முன்பு ஆற்றோரம் குடியிருந்ததும், குடிசைகளை அகற்றியபோது கண்ணகி நகருக்குப் போனதும் உனக்குத் தெரியும். 15,000க்கும் மேற்பட்ட குடியிருப்புகள் உள்ள அந்த இடத்திலிருந்து, விடிவதற்கு முன்பே அடையாறுக்கும் மந்தைவெளிக்கும் மயிலாப்பூருக்கும் வீட்டு வேலைக்குக் கிளம்பும் பெண்கள் எத்தனை பேர் என்பதை நான் இத்தனை நாள் யோசித்துப் பார்த்ததே இல்லை. வீடு ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தள்ளிப் போனாலும் வேலை பழைய இடத்திலேயே இருக்கிறது; இரண்டையும் சேர்த்துக் கட்டிய கயிறு அந்தப் பேருந்துதான். 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்றானபோது, மிச்சமாகும் பணத்தில் பேத்தியை டியூஷனில் சேர்த்துவிட்டதாக அக்கா சொன்னது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. இப்போது பேருந்து வராத நாட்களில் ஷேர் ஆட்டோ மாறி மாறி வருகிறார். டியூஷனை நிறுத்திவிட்டார்கள்.

நான் மெட்ரோவுக்கு எதிரி ஆகிவிட்டேன் என்று நினைத்துவிடாதே. கலங்கரை விளக்கம் பக்கத்தில் ஃப்ளமிங்கோ என்ற சுரங்கம் தோண்டும் இயந்திரத்தை 2023 செப்டம்பரில் இறக்கியபோது உனக்கு நான்கு பக்கம் எழுதியவள் நான்தான். அதைப் படித்துவிட்டு நீ என்னை 'சுரங்க ராணி' என்று அழைத்ததையும் மறக்கவில்லை. அந்த ஆசை இன்றும் அப்படியே இருக்கிறது. மூன்று வழித்தடங்கள், 118.9 கிலோமீட்டர், 63,246 கோடி ரூபாய் என்று 2024 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த அன்று, அப்பா இருந்திருந்தால் எவ்வளவு மகிழ்ந்திருப்பார் என்றுதான் நினைத்தேன். திருமயிலையில் இரண்டு வழித்தடங்கள் நிலத்துக்கு அடியில் வெவ்வேறு ஆழங்களில் சந்திக்கப்போகின்றன. இவ்வளவு நெருக்கமான ஊரில், பழைய வீடுகளுக்குக் கீழே இப்படியொரு வேலை நடப்பது சாதாரணமானது அல்ல. சாலைகளை ஒருவழியாக்கியிருக்கிறார்கள், நிறுத்தங்களை இடம் மாற்றியிருக்கிறார்கள், எங்கே பார்த்தாலும் தடுப்புத் தகடுகள். தோண்டாமல் ரயில் விட முடியாது என்பதால் அதையெல்லாம் பொறுத்துக்கொள்ள நான் தயார்.

ஆனால் ஒரு நாள் மெட்ரோவின் வரைபடத்தை எடுத்து, அக்கா வரும் பாதையை அதில் விரலால் தொட்டுக்கொண்டே வந்தேன். துரைப்பாக்கம், பெருங்குடி, அடையாறு, மந்தைவெளி. மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை போகும் மூன்றாவது வழித்தடமும் இந்த ஊர்களின் வழியாகத்தான் போகிறது. பழைய மகாபலிபுரம் சாலையில் அவருடைய பேருந்து மேம்பாலத் தூண்களுக்கு நடுவே ஊர்கிறது. அடையாறைத் தாண்டி வந்தால் சுரங்க நிலையப் பள்ளங்களைச் சுற்றிக்கொண்டு வருகிறது. நாளைக்கு யாருடைய பாதையில் ரயில் வரப்போகிறதோ, அவர்களுடைய பேருந்தைத்தான் இன்றைக்குக் குறைத்திருக்கிறார்கள். வசந்தா, இதை நினைத்தால் எனக்கு இரவில் தூக்கம் வருவதில்லை.

குறைத்தார்கள் என்று நான் சொன்னால் யாரும் ஒப்புக்கொள்வதில்லை. விசாரிக்கப் போன இடத்தில், வண்டிகளின் எண்ணிக்கை முன்பு போலவேதான் இருக்கிறது என்றார்கள். எனக்குப் புரியவில்லை. பேருந்துகளின் நேரம் பார்க்கும் டைம் கீப்பராக இருந்த நம் 'ஆறு நிமிட' ஐயாவை உனக்கு மறந்திருக்காதே. இப்போது ஓய்வுபெற்றுவிட்டார், மாலையில் பூங்காவில் உட்கார்ந்திருப்பார். அவரிடம் போய்க் கேட்டேன். வேலையில் இருந்த காலத்துக் கண்டிப்பு சிறிதும் குறையாமல், என் நோட்டுப் புத்தகத்தை வாங்கிக் கணக்குப் போட்டுக் காட்டினார். ஒரு வண்டி போய்த் திரும்ப இரண்டு மணி நேரம், தடத்தில் 12 வண்டிகள் என்று வைத்துக்கொண்டால், 10 நிமிடத்துக்கு ஒரு வண்டி வரும். பள்ளமும் சுற்றுவழியும் சேர்ந்து அதே பயணம் மூன்று மணி நேரமானால், அதே 12 வண்டிகள் 15 நிமிடத்துக்கு ஒன்றாகத்தான் வர முடியும். பழையபடி 10 நிமிடத்துக்கு ஒன்று வேண்டுமானால் 18 வண்டிகள் விட வேண்டும். எட்டு மணி நேர வேலையில் நான்கு முறை போய்த் திரும்பிய ஓட்டுநர் இப்போது இரண்டு முறைதான் முடிப்பார். மூன்றாவது பாதியில் நிற்கும். அதனால் சில நடைகள் கைவிடப்படும், சில வண்டிகள் 'கட் சர்வீஸ்' ஆகி அடையாறோடு திரும்பிவிடும். யாரும் உத்தரவு போடாமலேயே பேருந்து குறைந்துவிடுகிறது, வசந்தா. இது இத்தனை எளிய கணக்கு என்று தெரிந்தபோது எனக்கு நிம்மதி வரவில்லை. முதல் தடுப்புத் தகடு வைத்த அன்றே இந்தக் கணக்கை ஒருவர் போட்டுப் பார்த்திருக்கலாமே என்ற ஆதங்கம்தான் வந்தது.

அதன்பிறகு ஆறு நாள் காலையில் ஐந்தரை முதல் எட்டரை வரை நிறுத்தத்தில் நின்று, வண்டி வந்த நேரங்களைக் குறித்துக்கொண்டேன். ஒரு நாள் 47 நிமிடம் ஒன்றுமே வரவில்லை. பிறகு இரண்டு வண்டிகள் ஒன்றின் பின் ஒன்றாக வந்தன. தாமதமாக வரும் வண்டிக்கு ஒவ்வொரு நிறுத்தத்திலும் கூட்டம் கூடும், கூட்டத்தை ஏற்ற ஏற்ற அது மேலும் தாமதமாகும், பின்னால் வருவது காலியாக வந்து அதைப் பிடித்துவிடும் என்று ஐயா சொன்னதை அன்று கண்ணால் பார்த்தேன். அந்தக் காலி வண்டியைப் பார்த்துவிட்டு, கூட்டம் இல்லை என்று அதையும் நிறுத்திவிடுவார்களோ என்பதுதான் இப்போது என் பெரிய பயம். வண்டி வருமா வராதா என்று தெரியாத தடத்தில் ஆள் குறையத்தான் செய்வார்கள். கையில் பணம் உள்ளவர்கள் ஸ்கூட்டர் வாங்கிக்கொண்டு, குறுகிப்போன அதே சாலையில் பேருந்துக்கு முன்னால் நிற்பார்கள்.

மேம்பாலத்தில் ஓடும் நம் பறக்கும் ரயிலில் நான் பட்ட பாடு உனக்குத் தெரியும். எழும்பூர் வரை நான்காவது பாதை போடுவதற்காக, 2023 ஆகஸ்ட் 27 முதல் கடற்கரைக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் இடையே ரயிலை நிறுத்தினார்கள். ஏழு மாதம் என்றார்கள். மீண்டும் ஓடியது 2024 அக்டோபர் 29 அன்றுதான். பதினான்கு மாதம் பாரிமுனை அலுவலகத்துக்குப் பாதி வழியில் இறங்கி வண்டி மாறிப் போனேன். நான் பத்து மணிக்குப் போகலாம், மேலாளர் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குக் கிடைத்த அந்தச் சலுகை ஆறரை மணிக்குப் பாத்திரம் துலக்க வருகிறவருக்குக் கிடைக்காது என்பதை அப்போது நான் நினைத்துப் பார்க்கவில்லை.

ஆகவே ஒரு மனு எழுதியிருக்கிறோம். வேலை முடியும்வரை அந்தத் தடத்தில் கூடுதல் வண்டிகள், அதிலும் முதலில் அதிகாலை ஐந்து முதல் எட்டு வரை. ஓடும் நேரத்துக்கு ஏற்ற புதிய கால அட்டவணை. தற்காலிக நிறுத்தங்களில் எந்த வண்டி நிற்கும் என்று எழுதிய பலகை. 64 பேர் கையெழுத்திட்டிருக்கிறார்கள், பெரும்பாலும் அக்காவோடு வரும் பெண்கள். நகல் இத்துடன் இருக்கிறது. உன் சிவப்புப் பேனாவுக்குப் பல ஆண்டுகளாக வேலை இல்லையே, நன்றாகத் திருத்து. ஐயாவின் கணக்கு இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. அதை மட்டும் சுருக்கிவிடாதே.

படித்துக் காட்டியபோது அக்கா முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். கடைசியில், "இவ்வளவும் கேட்டால் ஒன்றும் தரமாட்டார்கள் அம்மா, 5.40ஐ மட்டும் முதலில் எழுதுங்கள்" என்றார். நான் அதை முதல் வரியாக மாற்றிவிட்டேன். அது சரியா, அல்லது கேட்பதைச் சிறிதாக்கிக்கொண்டோமா என்று எனக்குத் தெளிவாகவில்லை, நீ சொல். அடுத்த திங்கட்கிழமை கொண்டுபோய்க் கொடுக்கிறோம். வியாழனுக்குள் உன் பதில் வந்துவிட வேண்டும்.

அன்புடன்,
மீனா