என் மகனின் பெயரை உரக்க வாசித்தவருக்கும், உடன் நின்ற அனைவருக்கும்

அன்புடையீர்,

என் மகனின் பிறப்புச் சான்றிதழ் நேற்றுக் கைக்கு வந்தது. ஏமாற்றியும் மிரட்டியும் எல்லை கடத்திக் கொண்டுவரப்பட்ட எனக்கு நடந்தவற்றை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். அவற்றை மறுபடி எழுத எனக்கு இன்னும் தெம்பில்லை. நன்றியைத் தள்ளிப்போடவும் மனம் வரவில்லை.

பாதுகாப்பு இல்லத்துச் சகோதரிகள், நள்ளிரவிலும் அழைப்பை எடுத்த மொழிபெயர்ப்பாளர், பிரசவ அறையில் என் கையை விடாத செவிலியர், பிறந்த மண்ணில் என் மூத்த மகளைத் தன் மகளாகவே வளர்த்துவரும் அக்கா, உங்கள் எல்லோருக்கும் நான் கடன்பட்டவள். "நீயாகச் சம்மதித்துத்தானே எல்லை தாண்டினாய்?" என்று விசாரணைதோறும் கேட்கப்பட்டபோது, ஏமாற்றியும் மிரட்டியும் பெற்ற சம்மதம் செல்லாது என்று 2000ஆம் ஆண்டின் ஐ.நா. ஆள்கடத்தல் தடுப்பு நெறிமுறையை எடுத்துக்காட்டி வாதாடிய வழக்கறிஞரையும் வணங்குகிறேன்.

ஆனால் இம்மடலை எழுத வைத்தவர், பிறப்புப் பதிவு அலுவலகக் கவுன்டரில் அமர்ந்திருந்த, பெயர்கூடத் தெரியாத ஓர் அம்மையார். கடவுச்சீட்டு இல்லாமல், இல்லம் தந்த ஒற்றைக் கடிதத்தோடு, திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று நடுங்கியபடி நின்றிருந்தேன். படிவத்தை நிரப்பிக்கொண்டே வந்தவரின் பேனா 'தந்தை பெயர்' என்ற இடத்தில் நின்றது. என் முகத்தை ஒருமுறை பார்த்தார். எதுவும் கேட்காமல் அங்கே ஒரு கோடிட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டார். அந்தக் கேள்வியை என்னிடம் கேட்காத முதல் அதிகாரி அவர்தான். பிறகு, தம் நாவுக்குப் பழகாத என் மகனின் பெயரை எழுத்தெழுத்தாக உரக்க வாசித்து, நான் தலையசைக்கும்வரை மூன்று முறை திருத்தினார்.

யாரோ போலிக் கடவுச்சீட்டில் எழுதிய பெயரால் இரண்டு ஆண்டுகள் அழைக்கப்பட்டவள் நான். அந்தச் சீட்டும் என் கையில் இருந்ததில்லை. என்னைப் போன்ற வீட்டுப் பணியாளர் தம் ஆவணங்களைத் தாமே வைத்திருக்கலாம் என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 189ஆவது உடன்படிக்கை 2011இலேயே சொல்லியிருப்பதைப் பின்னர்தான் அறிந்தேன்.

பிறந்தவுடன் பதிவு செய்யப்படுவதும் பெயர் பெறுவதும் ஒவ்வொரு குழந்தையின் உரிமை என்கிறது 1989ஆம் ஆண்டின் குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 7ஆவது பிரிவு. தாயிடம் விசா இருக்கிறதா என்று அது கேட்பதில்லை. ஆயினும், பதியப் போனால் பிடித்துக்கொடுத்துவிடுவார்களோ என்று அஞ்சிப் பிள்ளையை மறைத்து வளர்க்கும் தாய்மார் இருவரை நான் அறிவேன். அவர்கள் இசைந்தால் அந்தக் கவுன்டர்வரை உடன் வருவேன். வரிசையில் நிற்கும் நேரமெல்லாம் பிள்ளையை நான் வைத்துக்கொள்வேன்.

நன்றியுடன்,
இரு பிள்ளைகளின் தாய்