தொலைபேசி எண்களை நாட்டுக் குறியீட்டோடு முழுமையாக அச்சிடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழில் வெளியாகும் இரங்கல் அறிவிப்புகள், குடமுழுக்கு அழைப்புகள், மருத்துவமனை விளம்பரங்கள், அரசு அலுவலகங்களின் செய்திக் குறிப்புகள் ஆகியவற்றில் அச்சாகும் தொலைபேசி எண்களில் பெரும்பாலானவை, உள்ளூரில் இருப்பவர் உள்ளூரிலிருந்தே அழைப்பதற்குத்தான் பயன்படுகின்றன. சிலவற்றில் ஊர்க் குறியீடான எஸ்.டி.டி. கோடு இருப்பதில்லை, கோடு இருந்தாலும் நாட்டுக் குறியீடு இருப்பதில்லை. தங்கள் இதழை இன்று குவைத்திலும் துபாயிலும் சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் கைப்பேசித் திரையில் படிப்பவர்கள் ஏராளம். ஊரில் ஒரு சாவு, ஒரு வெள்ளம், ஒரு விபத்து என்று தெரிந்தவுடன் அவர்கள் முதலில் தேடுவது அந்தச் செய்தியின் அடியில் உள்ள எண்ணைத்தான். அந்த எண்ணை எந்த நாட்டிலிருந்து அழைத்தாலும் இணைப்பு கிடைக்கும் வடிவில் அச்சிட வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன். தொலைபேசித் துறையில், வெளியூர் அழைப்புகளை இணைக்கும் டிரங்க் எக்ஸ்சேஞ்சில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்பதால், கோரிக்கையோடு அதன் காரணத்தையும் சற்று விரிவாகச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன்.

நம் நாட்டில் தரைவழித் தொலைபேசியின் ஊர்க் குறியீட்டையும் சந்தாதாரர் எண்ணையும் சேர்த்தால் 10 இலக்கம் வரும். சென்னைக்கு 44, அதன்பின் 8 இலக்கம். மதுரைக்கு 452, கோவைக்கு 422, திருச்சிக்கு 431, கும்பகோணத்திற்கு 435, இவற்றின்பின் 7 இலக்கம். தஞ்சாவூருக்கு 4362, நாகர்கோவிலுக்கு 4652, இவற்றின்பின் 6 இலக்கம். கைப்பேசி எண்ணும் 10 இலக்கமே. ஆகவே அச்சில் உள்ள எண் முழுமையானதா என்று சரிபார்க்கத் தங்கள் அலுவலகத்தில் எவருக்கும் ஒரு நொடி போதும்: முன்னால் உள்ள 0 நீங்கலாக எண்ணிப் பார்த்து, 10 இலக்கத்திற்குக் குறைந்தால் ஏதோ விடுபட்டிருக்கிறது என்று கொள்ளலாம். சென்னையில் 7 இலக்க எண்கள் 8 இலக்கமாக மாறி இத்தனை ஆண்டுகள் ஆன பின்பும், பழைய பெயர்ப் பலகையைப் பார்த்து எழுதிய 7 இலக்க எண்ணோடு இன்னமும் சில விளம்பரங்கள் வருகின்றன.

பலரைக் குழப்புவது முன்னால் நிற்கும் அந்த 0 தான். டிரங்க் கால் பதிவு செய்து காத்திருந்த காலத்தில் ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங் என்று வகை வகையாகக் கட்டணம் இருந்ததும், ஆபரேட்டர் ஒவ்வோர் ஊராகப் பிடித்து இணைப்புக் கொடுத்ததும் மூத்த வாசகர்களுக்கு நினைவிருக்கும். 1960 ஆம் ஆண்டு லக்னோவுக்கும் கான்பூருக்கும் இடையே சந்தாதாரரே நேரடியாகச் சுழற்றிப் பேசும் எஸ்.டி.டி. வசதி வந்து, பின்னர் அது நாடெங்கும் பரவியபோது, ஆபரேட்டரிடம் வாயால் சொன்னதை எண்ணால் சொல்ல வேண்டிய நிலை ஏற்பட்டது. முதலில் 0 சுழற்றினால் 'இந்த அழைப்பு வெளியூருக்குப் போக வேண்டும்' என்றும், 00 சுழற்றினால் 'வெளிநாட்டுக்குப் போக வேண்டும்' என்றும் உள்ளூர் எக்ஸ்சேஞ்ச் புரிந்துகொள்கிறது. அந்த 0 நம் எக்ஸ்சேஞ்சுக்குத் தரும் கட்டளையே தவிர, எண்ணின் பகுதி அன்று. வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்பு 91 என்ற குறியீட்டின் வழியாக நம் நாட்டுக்குள் நுழைந்த பிறகு அந்தக் கட்டளைக்கு வேலை இல்லை. 91 ஐ அடுத்து 044 என்று 0 சேர்த்து அழைக்கிறவர் 'எண்ணைச் சரிபார்க்கவும்' என்ற பதிவுக் குரலைக் கேட்க நேர்வது இதனால்தான். 91 ஐ அடுத்து நேராக 44 என்று அழைக்க வேண்டும்.

வெளிநாட்டு அழைப்புக்கான தொடக்க எண் எல்லா நாடுகளுக்கும் ஒன்றன்று. வளைகுடா நாடுகள், மலேசியா, இலங்கை, பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி ஆகியவற்றில் 00, அமெரிக்காவிலும் கனடாவிலும் 011, ஆஸ்திரேலியாவில் 0011, ஜப்பானில் 010. சிங்கப்பூரில் தேர்ந்தெடுக்கும் நிறுவனத்தைப் பொறுத்து 001 போன்ற எண்கள் உள்ளன. இத்தனையையும் ஒருவர் நினைவில் வைக்கத் தேவையில்லாதபடி, சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் + என்ற குறியைப் பரிந்துரைத்திருக்கிறது. கைப்பேசியில் 0 பொத்தானைச் சற்று அழுத்திப் பிடித்தால் + வரும். அந்தந்த நாட்டின் தொடக்க எண்ணை வலைப்பின்னலே இட்டுக்கொள்ளும். ஆகவே +91 என்று தொடங்கி, 0 இல்லாத ஊர்க் குறியீட்டையும் சந்தாதாரர் எண்ணையும் இடைவெளி விட்டு அச்சிட்டால், டொராண்டோவில் இருப்பவரும் தோகாவில் இருப்பவரும் அதை அப்படியே அழைக்கலாம். சிலர் +91 (0) 44 என்று அடைப்புக்குறிக்குள் 0 போட்டு அச்சிடுகிறார்கள். அது வாசகரை மேலும் குழப்புமே ஒழிய உதவாது, கைவிட்டுவிடலாம்.

எங்கள் தெருவில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். அடுத்த வீட்டு அம்மாளைத் திடீரென்று ஒரு மருத்துவமனையில் சேர்த்தார்கள். உடன் போனவரின் கைப்பேசி அணைந்துவிட்டது. குவைத்தில் இருந்த மகனுக்கு மருத்துவமனைச் சீட்டை வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பினார்கள். சீட்டின் தலைப்பில் மருத்துவமனையின் பெயர், முகவரி, மருத்துவர்களின் பட்டங்கள் எல்லாம் பெரிய எழுத்தில் இருந்தன. அடியில் 'போன்' என்று போட்டு 6 இலக்கம் மட்டும் இருந்தது. அந்தப் பிள்ளை 00 91 போட்டு அந்த 6 இலக்கத்தை அழைத்திருக்கிறான், பிறகு முன்னால் 0 சேர்த்து அழைத்திருக்கிறான், எதற்கும் மணி அடிக்கவில்லை. இரவு அவன் வேறு வழியின்றி என்னை அழைத்தபோது, நடுவில் விடுபட்ட 4 இலக்க ஊர்க் குறியீட்டைச் சொன்னேன். மறு நிமிடமே வார்டில் இருந்த செவிலியரோடு பேசிவிட்டான். தாயின் நிலை தெரியாமல் அவன் அந்த மாலைப் பொழுதைக் கழித்தது, அச்சகத்தில் யாரும் கேட்காமல் விட்ட 4 இலக்கத்தால் என்பதை என்னால் எளிதாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. சீட்டு அச்சடிப்பவர்களும் விளம்பரம் தருபவர்களும் தங்கள் ஊரைத் தாண்டி யாரும் அழைக்க மாட்டார்கள் என்று எண்ணுகிறார்கள் போலும். இன்றைய தமிழ்நாட்டில் அப்படி எண்ணுவதற்கு எந்த ஊருக்கும் இடமில்லை.

1800 என்று தொடங்கும் கட்டணமில்லா எண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். உள்நாட்டில் அவை பெரும் வசதி. ஆனால் பொதுவாக வெளிநாட்டிலிருந்து அவற்றை அழைக்க முடியாது. 108, 112, 1098 போன்ற குறுகிய எண்களும் அப்படியே. மழை வெள்ளக் காலங்களில் மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்கு 1070, மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077 என்று அறிவிப்பு வருகிறது. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்த பின்பு, டெல்டா ஊர்களில் மின்சாரமும் கைப்பேசிக் கோபுரங்களும் செயலிழந்து கிடந்த நாட்களில், வீட்டாரை எட்ட முடியாத வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு எஞ்சியிருந்தது அரசு அலுவலக எண் ஒன்றுதான். அத்தகைய அறிவிப்புகளில் குறுகிய எண்ணோடு, அதே அறையின் முழு 10 இலக்கத் தரைவழி எண்ணும் +91 உடன் இடம்பெற வேண்டும். செய்திக் குறிப்பில் அது இல்லாவிட்டால், தங்கள் நிருபர் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டு வாங்கிச் சேர்க்கலாம். அயலகத் தமிழர்களுக்கான அரசுத் துறை, இந்தியாவுக்குள் இருந்து அழைக்க ஓர் எண்ணும் வெளிநாட்டிலிருந்து அழைக்க வேறு எண்ணும் தனித்தனியே அறிவித்து வருவது பாராட்டத்தக்கது. மற்ற துறைகளும் அவ்வழியைப் பின்பற்ற வேண்டும்.

+91 போட்டால் உள்ளூர் வாசகருக்குக் குழப்பமாகாதா என்று தாங்கள் கேட்கக்கூடும். ஆகாது. கைப்பேசியிலிருந்து அழைப்பவர் இந்தியாவுக்குள் எங்கிருந்தாலும் +91 உடன் அழைக்கலாம்; கட்டணம் உள்நாட்டுக் கட்டணமே. உண்மையில் கைப்பேசியிலிருந்து அதே ஊரின் தரைவழி எண்ணை அழைக்கவும் ஊர்க் குறியீடு தேவைப்படுகிறது என்பதால், வெறும் 6 அல்லது 7 இலக்க எண் இன்று உள்ளூர்க்காரருக்கும் பாதிப் பயன்தான் தருகிறது. தரைவழித் தொலைபேசி வைத்திருப்பவர் +91 க்குப் பதிலாக 0 போட்டால் போதும். 2021 ஜனவரி 15 முதல் தரைவழித் தொலைபேசியிலிருந்து எந்தக் கைப்பேசியை அழைத்தாலும் முன்னால் 0 சேர்க்க வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்துவிட்டதால், இந்தப் பழக்கம் அவர்களுக்குப் புதிதன்று.

இங்கிருந்து வெளிநாட்டை அழைக்கும் பெற்றோர்களுக்கும் இதே விளக்கம் பொருந்தும். நாட்டுக் குறியீட்டைப் போட்டபின் அந்நாட்டு எண்ணின் முதல் 0 ஐ நீக்க வேண்டும். துபாயில் 05 என்று தொடங்கும் கைப்பேசி எண், இங்கிருந்து +971 5 என்று ஆகும். சவுதி அரேபியாவுக்கு +966 5. மலேசியாவில் 01 என்று தொடங்கும் எண் +60 1 என்று ஆகும். யாழ்ப்பாணத்துத் தரைவழி எண்ணின் 021 என்பது +94 21 என்று ஆகும். சிங்கப்பூர் (65), குவைத் (965), கத்தார் (974), ஓமன் (968), பஹ்ரைன் (973) ஆகிய நாடுகளில் நீக்குவதற்கு 0 கிடையாது. குறியீட்டை அடுத்து 8 இலக்கமும் அப்படியே. விதிவிலக்கு இத்தாலி: அங்கே தரைவழி எண்ணின் 0 ஐ நீக்கக் கூடாது. அழைப்பதற்கு முன் தங்கள் இணைப்பில் வெளிநாட்டு அழைப்புக்கான ஐ.எஸ்.டி. வசதி உண்டா, நிமிடத்திற்கு என்ன கட்டணம் என்று கேட்டுக்கொள்வது நல்லது. நாட்டுக் குறியீடு தெரிந்திருப்பதில் இன்னொரு பயனும் உண்டு. ஒரே மணியில் துண்டிக்கப்பட்ட அறியாத மிஸ்டு கால் எந்த நாட்டிலிருந்து வந்தது என்று பார்த்து, அங்கே தெரிந்தவர் எவரும் இல்லையென்றால் திருப்பி அழைக்காமல் இருந்துவிடலாம். அப்படித் திருப்பி அழைக்க வைத்துப் பணம் பறிப்பவர்கள் இருக்கிறார்கள்.

வாட்ஸ்அப் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று இளைஞர்கள் நினைக்கலாம். ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப் வழியே குரல் அழைப்புக்குத் தடை இருந்து வருவதை அங்கே வேலை பார்ப்பவர்கள் அறிவார்கள். காவல் நிலையம், வட்டாட்சியர் அலுவலகம், மருத்துவமனை வரவேற்பு மேசை ஆகியவற்றின் தரைவழித் தொலைபேசிகளை வாட்ஸ்அப்பில் பிடிக்கவும் இயலாது. வெளிநாட்டில் இருப்பவர் இங்குள்ள ஒருவரை வாட்ஸ்அப்பில் சேர்ப்பதற்கே எண்ணை நாட்டுக் குறியீட்டோடு சேமிக்க வேண்டியிருக்கிறது.

ஆகவே தங்களை வேண்டிக்கொள்வது இதுதான். வரி விளம்பரப் படிவத்திலும் இரங்கல் அறிவிப்புப் படிவத்திலும் தொலைபேசி எண்ணுக்கான இடத்தில் +91 என்று முன்கூட்டியே அச்சிட்டு, அதன்பின் சரியாக 10 கட்டங்கள் விடுங்கள். கட்டம் காலியாக இருந்தால் படிவத்தை வாங்குபவர் அங்கேயே கேட்டு நிரப்பிவிடலாம். விளம்பரதாரருக்குக் கூடுதல் செலவில்லை. செய்திப் பிரிவில் வெளியாகும் அரசு எண்களுக்கும் இதே முறையைக் கடைப்பிடியுங்கள். இரங்கல் அறிவிப்புப் பக்கத்திலிருந்து தொடங்கினால் நல்லது. கடைசியாக ஒரு முறை முகம் பார்க்க வர முடியாதவர்கள் வீட்டாரோடு இரண்டு வார்த்தை பேசுவதற்காக அழைக்கும் எண்கள் அந்தப் பக்கத்தில்தான் இருக்கின்றன.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஓய்வு பெற்ற தொலைபேசித் துறை ஊழியர்,
தஞ்சாவூர் மாவட்டம்.