கயிலையை எதிர்த்திசையில் சுற்றுகிறவர்கள்

கயிலாய யாத்திரைக்கு அழைத்துச் செல்லும் அமைப்பாளர்களுக்கும், உடன் வரும் வழிகாட்டிகளுக்கும்,

வணக்கம். மலையைச் சுற்றி வரும் பரிக்ரமாவின் இரண்டாம் நாள், 5,600 மீட்டருக்கு மேலிருக்கும் டோல்மா லா கணவாயைத் தாண்டி, மூச்சு வாங்கியபடி இறங்கிக்கொண்டிருந்தோம். எதிரே ஒரு பாட்டி ஜபமாலையை உருட்டிக்கொண்டு ஏறி வந்தார். "இவங்க ஏன் எதிர்ப்பக்கமா வர்றாங்க?" என்று குழுவில் ஒருவர் கேட்டார். "அது மந்திரவாதிக் கூட்டம், தப்பாச் சுத்துறாங்க" என்றார் வழிகாட்டி. எல்லோரும் ஒதுங்கிக்கொண்டோம், நானும்தான். ஊர் திரும்பிப் படிக்கத் தொடங்கிய பிறகு அது உறுத்திக்கொண்டே இருக்கிறது.

அந்தப் பாட்டி பொன் மதத்துக்காரர். பொன் என்பது திபெத்தியச் சொல், நம் தங்கத்தோடு அதற்குத் தொடர்பில்லை. நாமும் பௌத்தர்களும் மலையை வலமாகச் சுற்றுகிறோம், அவர்கள் இடமாகச் சுற்றுகிறார்கள். அவர்களுடைய புனிதச் சின்னமான யுங்ட்ரங் என்ற ஸ்வஸ்திகமும் இடப்பக்கம் திரும்பியதே. 'அழியாதது' என்று அதற்குப் பொருள். கயிலையை அவர்கள் 'ஒன்பது அடுக்கு யுங்ட்ரங் மலை' என்கிறார்கள்.

அந்த மண்ணின் பழங்கதையையும் சொல்ல வேண்டும். லாசா தலைநகராகும் முன்பே மேற்குத் திபெத்தில் ஷாங்ஷுங் என்றொரு அரசு இருந்தது. அதற்கென்று தனி மொழி உண்டு. அதன் சொற்கள் பொன் நூல்களில் இன்றும் இருக்கின்றன. சட்லெஜ் பள்ளத்தாக்கிலுள்ள க்யுங்லுங்கில்தான் அதன் வெள்ளிக் கோட்டை இருந்தது என்பது மரபு. கயிலை அந்த நாட்டின் உயிர்மலை. 7ஆம் நூற்றாண்டில் திபெத்திய மன்னர் சோங்சென் காம்போவின் ஆட்சியில் ஷாங்ஷுங் வீழ்ந்தது. நம் அப்பர் பெருமான் வாழ்ந்ததும் அதே நூற்றாண்டில்தான். அவர் கயிலையைக் காண ஏங்கி நடந்த காலத்தில் அந்த மலையடிவாரத்தில் ஓர் அரசு சாய்ந்துகொண்டிருந்தது என்று நினைக்கும்போது எனக்குச் சிலிர்க்கிறது.

தங்கள் ஆசான் தோன்பா ஷென்ராப் 18,000 ஆண்டுகளுக்கு முன் பிறந்தவர் என்பது பொன் மதத்தவரின் நம்பிக்கை. ஆய்வாளர்கள் வேறு மாதிரி பார்க்கிறார்கள். சீனாவின் துன்ஹுவாங் குகையில் கிடைத்த பழைய ஏடுகளில் 'பொன்', 'ஷென்' என்போர் அரச குடும்பத்து ஈமச் சடங்குகளைச் செய்யும் பூசாரிகளாக வருகிறார்கள். மடமும் நூல்தொகுதியுமாக இன்று நாம் காணும் பொன் மதம் 10, 11ஆம் நூற்றாண்டுகளில்தான் உருப்பெற்றது என்பது ஆய்வாளர்கள் கருத்து. இரண்டையும் சொல்லுங்கள், யாத்திரிகர்கள் புரிந்துகொள்வார்கள்.

அப்புறம் அந்த மிலரேபா கதை. பௌத்த யோகியான அவரும் பொன் மதத்து நாரோ பொன்சுங்கும் கயிலை உச்சிக்குப் போட்டியிட்டதில் மிலரேபா வென்றார் என்பதோடு நிறுத்திவிடுகிறீர்கள். அது வென்ற தரப்பு சொல்லும் கதை. அதே கதையில், கயிலை கண்ணில் படும்படி பக்கத்து மலையொன்றை பொன் மதத்தவருக்கு மிலரேபா கொடுத்ததாகவும் வருகிறது. அதையும் சேர்த்துச் சொன்னால் என்ன?

மந்திரவாதிக் கூட்டம் என்ற பேச்சை விட்டுவிடுங்கள். அவர்களுக்குத் துறவு விதிகள் உண்டு, தர்க்கப் படிப்பு உண்டு, ஸோக்சென் என்ற ஆழ்ந்த தியான மரபும் உண்டு. 1405இல் திபெத்தில் தொடங்கிய அவர்களுடைய தலைமை மடமான மென்ரி, 1960களின் இறுதியில் நம் நாட்டில், இமாசலப் பிரதேசத்தின் சோலன் அருகே தோலாஞ்சியில் மறுபடி எழுந்தது. தலாய் லாமாவே 1988இல் அங்கே போய் வந்தார்.

பரிக்ரமா தொடங்கும் ஊரான தார்ச்சனில் அதற்கு முந்தைய இரவு ஆக்சிஜன், மருந்து, உடை பற்றியெல்லாம் பொறுமையாக விளக்குகிறீர்கள். அதோடு ஐந்து நிமிடம் இதற்கும் ஒதுக்குங்கள். எதிரே வருகிறவர்களுக்கு வழி விட்டு, "தாஷி தெலே" என்று வணங்கச் சொல்லுங்கள். அந்தப் பாட்டிக்கு நான் சொல்லாமல் வந்த வணக்கம் அது.

அன்புடன்,
உங்கள் யாத்திரிகர்களில் ஒருவர்